எந்த மலை என்று சொல்லவில்லையே!

குந்தாரப்பள்ளி என்று ஓர் ஊர் இருப்பதே, என் தங்கை அங்கே குடித்தனம் போன பிறகுதான் எனக்குத் தெரியும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற பெரிய சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர் போனால் வருகிற ஊர். சென்னையிலிருந்து பெங்களூருக்குக் காரில் போகிற வாசகிகள் எத்தனையோ தடவை அதைத் தாண்டியிருப்பீர்கள். ஆனால், வெள்ளிக்கிழமையன்று தாண்டியிருந்தால் மட்டும் அது உங்கள் ஞாபகத்தில் நிற்கும். அன்றைக்கு அங்கே சந்தை. ஆடும் மாடும் ஜனங்களும் ஒன்றோடொன்று கலந்து, எது எதை விலை பேசுகிறது என்றே தெரியாத அமளி! தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று நாலு பாஷைகளும் ஏககாலத்தில் காதில் விழும். ஆடுகள் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே பாஷையில் பதில் சொல்லும்.

தங்கையின் மகன் குருபரப்பள்ளி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினீயர். நல்ல பிள்ளை. புதிதாக எந்த யந்திரம் வந்தாலும் உடனே வாங்கியாக வேண்டும் என்ற ஒரே ஒரு துர்க்குணம்தான் அவனிடம் உண்டு. போன மார்கழியில் நான் அங்கே போயிருந்தபோது, சோப்பு டப்பாவை விடக் கொஞ்சம் பெரிதாக ஒன்றைக் கொண்டு வந்து என் கையில் வைத்தான். மேலே குட்டையாக ஒரு கொம்பு. நடுவில் சின்னக் கண்ணாடித் திரை. பக்கத்தில் நாலைந்து பித்தான்கள்.

"இது என்னடா, ரேடியோவா?" என்றேன்.

"ரேடியோ மாதிரிதான், பெரியம்மா. ஆனால் பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. ஆகாயத்திலே சுற்றுகிற கோள்கள் சொல்லுகிறதைக் கேட்டு, நாம் பூமியில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று சொல்லும். ஜி.பி.எஸ். கருவி. காடு மலை ஏறுகிறவர்களுக்கென்றே செய்தது" என்றான்.

"இதற்குக் கொட்டிக் கொடுத்த பணத்துக்கு நாளைச் சந்தையிலே ஒரு ஜோடி ஆடு வாங்கியிருக்கலாம்" என்று சமையல் அறையிலிருந்து தங்கையின் குரல் வந்தது.

மறுநாளே அந்தக் கருவி தன் விலையில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்தது என்று சொல்ல வேண்டும். தங்கையின் கணவருக்கு, வேலையிலிருந்து ஓய்வு பெற்றது முதல் ஒரு கறவை மாடு வாங்க வேண்டுமென்று ஆசை. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் நாங்கள் எல்லோரும் சந்தைக்குப் போனோம். மாடு படியவில்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பதும், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதுமாக இரண்டு மணி நேரம் போனதுதான் மிச்சம். திரும்பும்போது காரைக் காணோம்! விட்ட இடம் எங்கே என்று அவருக்கு நினைவில்லை. காலையில் அடையாளம் வைத்திருந்த வேப்பமரத்தைச் சுற்றி இப்போது பத்து லாரிகள் நின்றன.

பையன் சிரித்துக்கொண்டே கருவியை எடுத்தான். காரை விட்டு இறங்கியபோதே ஒரு பித்தானை அழுத்தி அந்த இடத்தை அதில் பதிந்து வைத்திருக்கிறான். இப்போது 'அங்கே போ' என்று கட்டளையிட்டதும், திரையில் ஓர் அம்பு தோன்றி, '210 மீட்டர்' என்று காட்டியது. ஆடுகளுக்கு நடுவே அம்பைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். 210 என்பது 150 ஆகி, 60 ஆகி, கடைசியில் 5 என்றபோது எதிரே கார் நின்றது. அதன் கூரைமேல் ஒரு கோழிக் கூடையை யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

* * *

இது எப்படி நடக்கிறது என்று அன்று மத்தியானம் பையனைக் கேட்டேன். அவன் சொன்ன விளக்கத்தில் பாதி புரிந்தது. மீதியை நானே படித்துத் தெரிந்துகொண்டேன். என் பாஷையில் சொல்லுகிறேன்.

மழை நாளில் மின்னல் வெட்டினால் குழந்தைகள், 'ஒன்று, இரண்டு, மூன்று...' என்று எண்ணுவார்கள் அல்லவா? இடி கேட்பதற்குள் எத்தனை விநாடி ஆகிறதோ, அதை வைத்து இடி எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று கணக்குப் போடலாம். அதே வித்தைதான் இது. சுமார் 20,200 கிலோ மீட்டர் உயரத்தில் அந்தக் கோள்கள் நாளொன்றுக்கு இரண்டு தடவை பூமியைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் ஓயாமல், 'நான் இன்ன இடத்தில் இருக்கிறேன். இப்போது மணி இன்னது' என்று ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அது நம் கைக்கு வந்து சேர எத்தனை நேரம் ஆயிற்று என்று கருவி பார்க்கிறது. நேரத்திலிருந்து தூரம் கிடைக்கிறது. மூன்று கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். ஆனால் நம் கையிலுள்ள மலிவான கடிகாரத்தின் பிழையைச் சரிக்கட்ட நாலாவது கோளும் வேண்டும்.

கடிகாரம்தான் இதில் சகலமும். இடிச் சத்தம் நிதானமாக வருகிறது. ரேடியோ அலையோ ஒரு விநாடியில் மூன்று லட்சம் கிலோ மீட்டர் ஓடுகிறது. விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தப்பினால் முந்நூறு மீட்டர் தப்பிவிடும். அதனால்தான் கோள்களில் அணுக் கடிகாரங்களை வைத்திருக்கிறார்கள். இதிலும் ஒரு வேடிக்கை. அவ்வளவு உயரத்தில் அவ்வளவு வேகமாகச் சுற்றும் கடிகாரம், நம் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் போல ஓடுவதில்லை. ஐன்ஸ்டீனின் தத்துவப்படி, அது நாளொன்றுக்கு விநாடியில் பத்து லட்சத்தில் 38 பங்கு முந்திப் போகிறது. அதைத் திருத்தாமல் விட்டால், ஒரே நாளில் சுமார் பத்து கிலோ மீட்டர் பிசகிவிடுமாம். புத்தகத்தில் அடங்கிக் கிடந்த ஐன்ஸ்டீன், கோழிக் கூடைக்கு அடியில் எங்கள் காரைக் கண்டுபிடிக்க உதவினார் என்றால் நம்புவீர்களா?

முதலில் இதை அமைத்தது அமெரிக்க ராணுவம். முதல் கோளை 1978-ல் அனுப்பினார்கள். 1983 செப்டம்பர் 1-ம் தேதி, வழி விலகிச் சோவியத் எல்லைக்குள் போய்விட்ட ஒரு கொரிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 269 பேரும் மாண்டார்கள். அதன் பிறகுதான், இந்த வசதி பொதுஜனங்களுக்கும் கிடைக்கும் என்று அமெரிக்க ஜனாதிபதி ரீகனின் அரசாங்கம் அறிவித்தது. அப்போதும், மற்றவர்களுக்குப் போகிற சமிக்ஞையில் வேண்டுமென்றே கொஞ்சம் பிழையைக் கலந்து, நூறு மீட்டர் வரை தப்பும்படி செய்து வைத்திருந்தார்கள். 2000-ம் ஆண்டு மே மாதம் அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். நிறுத்திய மறுநாளே, ஆரிகான் மாகாணத்தில் ஒருவர் காட்டில் ஒரு வாளியை ஒளித்து வைத்து, அது இருக்கும் இடத்தின் எண்களை மட்டும் வெளியிட்டார். எண்ணைப் பார்த்து ஆள் தேடிப் போனது, வாளியும் அகப்பட்டது! இன்று உலகமெங்கும் குடும்பம் குடும்பமாக ஆடுகிற புதையல் விளையாட்டு இப்படிப் பிறந்ததுதான். (நம் ஊரில் தனியாகக் கிடக்கும் டப்பாவைக் கண்டால் போலீஸுக்குச் சொல்லி அனுப்புவார்கள், ஆகவே, விளையாட ஆசையுள்ளவர்கள் சொந்தத் தோட்டத்தில் விளையாடுவது நலம்.)

நம் தேசமும் சும்மா இருக்கவில்லை. நாவிக் என்ற நம்முடைய சொந்த ஏற்பாட்டின் முதல் கோள் 2013 ஜூலை 1-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போயிற்று. அந்தக் கோள்களில் வைத்திருந்த வெளிநாட்டு அணுக் கடிகாரங்கள் சில பழுதாகித் தொல்லை கொடுத்தன. 2023 மே 29-ல் போன கோளில் நம் நாட்டிலேயே செய்த அணுக் கடிகாரம் இடம்பெற்றது. கடிகாரம் கெட்டுப் போனால் வீட்டு வேலையெல்லாம் தலைகீழாகிறது நமக்குத் தெரியும். வானத்திலும் அப்படித்தான் போலிருக்கிறது.

கோளும் இல்லாமல், அணுக் கடிகாரமும் இல்லாமல், இதே சென்னையில் ஒருவர் பூமியை அளக்கக் கிளம்பினார். லாம்டன் என்ற வெள்ளைக்காரர். 1802-ல் பரங்கிமலைக்கு அருகில் சங்கிலி போட்டு முதல் கோட்டை அளந்தார். பிறகு மலைக்கு மலை முக்கோணம் போட்டுக்கொண்டே போனார். அரை டன் கனமுள்ள அவருடைய கோணமானியை ஆட்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டும். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின்மேல் அதை ஏற்றும்போது கயிறு நழுவி மோதி, கருவி நசுங்கிப் போயிற்று. மனிதர் வாரக் கணக்கில் உட்கார்ந்து தம் கையாலேயே அதைச் சீர்செய்தார். அந்த வேலையை இன்று ஒரு சோப்பு டப்பா செய்கிறது. ஆனால் சோப்பு டப்பாவை நம்பி நாங்கள் பட்ட பாட்டையும் கேளுங்கள்.

* * *

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். "பெரியம்மாவைக் கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கு அழைத்துப் போய் வருகிறேன். ஐந்தரைக்குள் வந்துவிடுவோம்" என்று தன் தாயாரிடம் சொல்லிவிட்டுப் பையன் காரை எடுத்தான். அவன், அவனுடைய ஒன்பது வயதுப் பெண், நான் ஆக மூன்று பேர். மருமகள் பிறந்தகம் போயிருந்தாள். பிளாஸ்கில் காப்பி, டிபன் காரியரில் புளியோதரை, தோளில் அந்தக் கருவி.

பெரிய சாலைக்கு வந்ததும், "கிருஷ்ணகிரி மலையை நான் பத்துத் தடவை பார்த்தாயிற்று, பெரியம்மா. ராயக்கோட்டை போவோமா?" என்றான்.

"எந்தக் கோட்டையானால் என்ன? நீ பார்த்து எங்கே அழைத்துப் போனாலும் சரி" என்றேன். இந்த ஒரு வாக்கியத்துக்காக அன்று ராத்திரி நான் எவ்வளவு வருத்தப்படப் போகிறேன் என்று அப்போது தெரியவில்லை.

ராயக்கோட்டை தக்காளிக்குப் பேர் போன ஊர். ஊருக்குப் பின்னால் பாறையாக ஒரு மலை, அதன்மேல் கோட்டை. திப்பு சுல்தானின் ஆட்களிடமிருந்து 1791-ல் ஆங்கிலேயர் பிடித்த கோட்டை இது. இப்போது தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. காரை நிறுத்தியதும், அதன் உள்ளே உட்கார்ந்தபடியே பையன் கருவியை முடுக்கி, பித்தானை அழுத்தி, "கார் பதிவாகிவிட்டது" என்றான். நான் என் கைபேசியைக் காரிலேயே மறந்து வைத்துவிட்டேன். ஏறினோம்.

மேலே போனதும் பட்ட கஷ்டம் எல்லாம் மறந்து போயிற்று. இடிந்த மதில், பாறையைக் குடைந்த நீர்ச் சுனை, நாலு பக்கமும் எழுந்து நிற்கும் மலைகள்! நெருப்புப் பெட்டிகளை அடுக்கினாற்போல் கீழே வீடுகள். பையன் தன் கைபேசியில் படம் எடுத்தான், எடுத்தான், எடுத்துக்கொண்டே இருந்தான். புளியோதரை தீர்ந்தபோது அவன் கைபேசியிலும் உயிர் தீர்ந்துவிட்டது. மணி ஐந்து.

இறங்கத் தொடங்கினோம். மேலே பாதை என்று ஒன்று கிடையாது. புதருக்கும் பாறைக்கும் நடுவே பத்து ஒற்றையடித் தடங்கள் போகின்றன. எது நாம் வந்தது? "அதற்குத்தானே இது இருக்கிறது" என்று பையன் கருவியை எடுத்து, காருக்கு வழி கேட்டான். அம்பு வடகிழக்கைக் காட்டியது. அம்பு காட்டிய பக்கம் போனோம். கால் மணி நேரம் முள்ளில் புடவையைக் கிழித்துக்கொண்டு இறங்கியிருப்போம். குழந்தை அப்பாவின் கையை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, பதினஞ்சு கிலோ மீட்டர்னு போட்டிருக்கே! நம்ம கார் அவ்வளவு தூரத்திலேயா இருக்கு?" என்றது.

நின்றோம். நின்றது நல்லதாகப் போயிற்று. நாலு அடி தள்ளிப் பார்த்தால் மொட்டைப் பாறை. அதற்கு அப்பால் ஆகாயம்.

நடந்தது இதுதான். கருவியை முடுக்கிய உடனே அதற்குக் கோள்களின் குரல் கேட்டுவிடாது. வெட்டவெளியில் வைத்து, ஒரு நிமிஷமாவது பொறுத்திருக்க வேண்டும். நெடுநாள் மூடி வைத்திருந்தால் இன்னும் அதிக நேரம் ஆகும். காரின் கூரைக்கு அடியிலோ அது பாதிச் செவிடு. அதுவரை, கடைசியாகத் தான் இருந்த இடத்தையே திரையில் காட்டிக்கொண்டிருக்கும். பையன் அவசரப்பட்டுப் பித்தானை அழுத்தியபோது அதற்குத் தெரிந்திருந்த இடம் குந்தாரப்பள்ளி வீட்டு வாசல்! அந்த வாசலைத்தான் 'கார்' என்று பதிந்து வைத்திருக்கிறது. அதை நோக்கித்தான் அம்பு. அதுவும் பாறையோ பள்ளமோ பார்க்காமல் நேர்கோட்டில் காட்டும் அம்பு. கருடனுக்கு அது சரியான வழி. அறுபது வயதில் முழங்கால் வலியோடு வந்தவளுக்கு அல்ல.

சூரியன் இறங்கிவிட்டது. குழந்தை என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. பையன் முகத்தில் வியர்வை. "ஒன்றும் பயமில்லை, பெரியம்மா" என்று மூன்று தடவை சொன்னான். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

நாங்கள் பிழைத்தது அந்தக் கருவியின் இன்னொரு குணத்தால். முடுக்கி வைத்திருக்கும் வரையில், நாம் நடந்து போகிற தடத்தை அது தானாகவே புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொண்டு வருகிறது. பையன் அதைத் தேடி எடுத்தான். திரையில் புள்ளிக் கோலம் போல் நாங்கள் ஏறி வந்த வழி முழுவதும் விழுந்திருந்தது. முதலில் வந்த வழியே மேலே ஏறி, அந்தக் கோலத்தின்மேல் கால் வைக்கிற இடத்துக்குப் போனோம். அப்புறம், பழைய புடவையில் ஊசி போன வழியே நூலைப் பிரிப்பது போல, புள்ளிக்குப் புள்ளி பார்த்து இறங்கினோம். திரையின் வெளிச்சம்தான் கையில் இருந்த ஒரே விளக்கு. காரிலிருந்து இருநூறு முந்நூறு மீட்டர் மேலே கோலம் முடிந்துவிட்டது. கருவிக்குக் காது கேட்க ஆரம்பித்த இடம் அதுதான். அதற்குள் கீழே தெரு விளக்குகளும் ஒரு டீக்கடை ரேடியோவும் எங்களைக் கூப்பிட்டுவிட்டன.

காருக்கு வந்தபோது மணி ஆறே முக்கால். என் கைபேசியை எடுத்தேன். பதினான்கு தடவை தங்கை கூப்பிட்டிருந்தாள். நான் பேசியதும் முதலில் அழுகை, அப்புறம்தான் வார்த்தை.

"எங்கே அக்கா இருக்கிறீர்கள்? அவர் பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேரோடு டார்ச்சு லைட்டை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி மலையில் தேடிக்கொண்டிருக்கிறாரே!"

"நாங்கள் ராயக்கோட்டையில் இருக்கிறோம்."

"ராயக்கோட்டையா? எந்த மலை என்று சொல்லவில்லையே, அக்கா! அங்கே ஏதாவது ஆகியிருந்தால், நான் இங்கே எந்த மலையைப் போய்ப் பார்ப்பேன்?"

எனக்குப் பதில் வரவில்லை. இருட்டில் எழுபதை நெருங்கும் ஒரு மனிதர், எங்களுக்காக, நாங்கள் இல்லாத மலையில் ஏறிக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கால் தவறியிருந்தால்? பாறை விளிம்பில் நின்றபோதுகூட அப்படி நடுங்கவில்லை, நான்.

* * *

சென்னைக்குத் திரும்பிய பிறகு இதைப் பற்றி விசாரித்தேன். வீட்டில் மலையேறும் பிள்ளைகளோ பெண்களோ இருக்கிற தாய்மார்களுக்கு உபயோகப்படும் என்று, தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முக்கியமாகப் பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. கருவி கையில் இருந்தால், 'அவர்கள்' நம்மைக் கவனித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறோம். ஒருவரும் கவனிப்பதில்லை. கோள் பேசுகிறது, கருவி கேட்கிறது, அதோடு சரி. பாட்டுக் கேட்கிற ரேடியோ, நீங்கள் கேட்பதை வித்துவானிடம் போய்ச் சொல்லுகிறதா? அப்படித்தான் இதுவும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும், வீட்டிலிருப்பவருக்குத் தெரியாது.

கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளும் உண்டு. ஆபத்தென்றால் பித்தானை அழுத்தி உதவி கேட்கலாம். ஆனால் நம் நாட்டில் அரசாங்க அனுமதியில்லாமல் கோள் வழித் தொலைபேசியோ, செய்தி அனுப்பும் கருவியோ வைத்திருப்பது குற்றம். விவரம் தெரியாமல் அவற்றைக் கொண்டு வந்த வெளிநாட்டுப் பிரயாணிகள் விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள். அமெரிக்காவிலிருக்கும் பிள்ளை ஆசையாக வாங்கி வருகிறேன் என்று சொன்னால், 'கேட்கிற கருவியா, பேசுகிற கருவியா?' என்று முதலில் விசாரித்துவிடுங்கள்.

"கைபேசியிலேயே இதெல்லாம் இருக்கிறதே, தனியாக எதற்கு?" என்று கேட்பீர்கள். வாஸ்தவம். கைபேசிக்குள்ளும் கோளின் குரலைக் கேட்கும் காது உண்டு; டவர் இல்லாத இடத்திலும் அது வேலை செய்யும். ஆனால் படம் வராது. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு போக வேண்டும். பாட்டு, படம், பேச்சு எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டரி என்பதால், எங்கள் பையனுடையது போல் நடு மலையில் கண்ணை மூடிவிடும். தனிக் கருவிகளில் பல, கடையில் கிடைக்கிற பென்சில் செல் இரண்டில் நாள் முழுவதும் ஓடுகின்றன. மழையில் நனைந்தாலும் பிழைக்கின்றன. மாற்றுச் செல் இரண்டு பையில் இருப்பது, டிபன் காரியரை விட முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன்.

வெட்டவெளியில் இருந்தால், அது சொல்லும் இடம் ஐந்து பத்து மீட்டருக்குள் சரியாக இருக்கும். அடர்ந்த மரத்தடியிலும், இரு பக்கமும் பாறை எழும்பிய பள்ளத்திலும் குரல் எதிரொலித்து வருவதால் தப்புகிறது. உயரக் கணக்கை அவ்வளவாக நம்பக் கூடாது.

இன்னொரு சங்கதி, நம்மைப் போன்றவர்களுக்குச் சுலபமாகப் புரியும். ஜாதகக் கணக்கில் பாகை, கலை என்று போடுவார்கள் அல்லவா? பூமியில் இடம் சொல்லுவதும் அதே கணக்கில்தான். ஒரு பாகைக்கு 60 கலை. குந்தாரப்பள்ளி, வடக்கே பன்னிரண்டரை பாகையை ஒட்டி இருக்கிறது. இந்தப் பன்னிரண்டரையைச் சில கருவிகள் 12.5 என்று காட்டும். சில, 12 பாகை 30 கலை என்று காட்டும். ஆபத்து வேளையில் 12.5 என்பதைப் பார்த்துவிட்டு, '12 பாகை 50 கலை' என்று போனில் சொல்லிவிட்டால், 37 கிலோ மீட்டர் வடக்கே போய்த் தேடுவார்கள்! 112-ஐக் கூப்பிட்டு இடம் சொல்ல நேர்ந்தால், புள்ளியா கலையா என்று பார்த்து, ஒவ்வோர் எண்ணாக வாசிக்க வேண்டும்.

இதையெல்லாம் விட ஒரு விஷயம் என் மனத்தை உறுத்துகிறது. 2018 மார்ச் 11-ம் தேதி, தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் அகப்பட்டு இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஆசையாக மலை பார்க்கப் போனவர்கள். பலர் இளம் பெண்கள். தீயிலிருந்து எந்தக் கருவியும் காப்பாற்றாது. ஆனால் யார், எத்தனை பேர், எந்தப் பாதையில், எந்த நாளில் போகிறார்கள் என்பது முன்கூட்டித் தெரிய வேண்டும் என்று அதன் பிறகு எல்லோரும் பேசினோம். அந்த வருஷமே அரசாங்கம் மலையேற்றத்துக்கு விதிகள் செய்தது. 2024 அக்டோபரில், வனத்துறையின் மூலம் 40 மலைப் பாதைகளைத் திறந்து, முன்பதிவும், உள்ளூர் மக்களையே வழிகாட்டிகளாகப் பழக்கிய ஏற்பாடும் செய்தார்கள். தீப்பிடிக்கும் காலத்தில் மலையேற்றத்தை நிறுத்தி வைப்பதும் உண்டு. 'நம் கையில்தான் கருவி இருக்கிறதே' என்று, பதிவு செய்யாமல் காட்டுக்குள் நுழைவது குற்றம் மட்டுமல்ல. ஓசூர்க் காடுகளில், ராகி அறுவடையாகும் நாட்களில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் இறங்கி வருகின்றன. யானை நிற்கும் இடம் எந்தத் திரையிலும் தெரியாது. உள்ளூர் வழிகாட்டிக்கு வாசனையிலேயே தெரியும்.

தங்கையின் கணவர் அன்று இரவு ஒன்பது மணிக்குப் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தார். யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேசினதெல்லாம் தங்கைதான். மறுநாள் காலையில் அவள் ஒரு காரியம் செய்தாள். அன்றாடம் கிழிக்கிற தேதிக் காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்து, நூலில் கோத்து, வாசல் கதவுக்குப் பக்கத்து ஆணியில் ஒரு பென்சிலோடு தொங்கவிட்டாள். வெளியே போகிறவர் யாரானாலும், எந்த ஊர், எந்த மலை, எந்தப் பக்கத்துப் பாதை, யார் யார், கார் எண் என்ன, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று எழுதிவிட்டுத்தான் செருப்பை மாட்ட வேண்டும். வழியில் உத்தேசம் மாறினால், மாறிய இடத்திலேயே வண்டியை நிறுத்திப் போன் பண்ண வேண்டும். சொன்ன மணிக்கு மேல் ஒரு மணி நேரம் பொறுப்பாள், அப்புறம் 112.

பையன் இதைக் கேட்டுச் சிரித்தான். "அம்மா, நான் சிப்காட்டுக்கு வேலைக்குப் போவதையுமா எழுத வேண்டும்?"

"எழுது" என்றாள் தங்கை.

போன வாரம் அவளிடம் பேசினபோது, இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறானா என்று கேட்டேன். எழுதுகிறானாம். குழந்தையும் எழுதுகிறதாம். அன்று சாயங்காலத் தாளில், 'எதிர் வீடு. மாடிப் படி வழி. நான் மட்டும். ஆறரை மணி' என்று இருந்ததாம்.